கிரகணம் பார்க்கக் கொடுத்த ஃபிலிம்

எனக்கு மதிப்பெண் போட்ட நடுவர்களில் ஒருவருக்கும் மனித முகம் பிடிக்காது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. அதற்குள் என் மனைவி, எங்கள் மேலாளரின் கைக்குழந்தை, தெருவில் மாவு இடிக்கும் பெண்கள் என்று பல முகங்கள் பதிவுத் தபாலில் போய்ப் பதிவுத் தபாலிலேயே திரும்பி வந்திருந்தன.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. காரைக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் நான் எழுத்தர். வீடு பக்கத்துக் கிராமமான போலகத்தில். வாரத்தில் ஆறு நாள் கோப்பு, ஞாயிற்றுக்கிழமை கேமரா. பெரிய ஊர்களில் இருந்த புகைப்படச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு முறை கண்காட்சி நடத்தும். யார் வேண்டுமானாலும் நான்கு படம் அனுப்பலாம். பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குலத்தில் பெரிதாக்கி, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டி, படிவத்தோடு அனுப்ப வேண்டும். ஆறு வாரம் கழித்து ஒரு கார்டு வரும். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று நடுவர்கள் போட்ட மதிப்பெண், கடைசியில் 'ஏற்பு' அல்லது 'நிராகரிப்பு'. ஏற்ற படத்தைச் சுவரில் மாட்டுவார்கள். அது வீட்டுக்குத் திரும்பி வரும்போது முதுகில் சங்கத்தின் சின்னம் போட்ட வண்ணச் சீட்டு ஒட்டியிருக்கும். தபால்காரர் பார்சலைக் கொடுத்ததும் நான் முதலில் படத்தைப் பார்க்க மாட்டேன், திருப்பி முதுகைத்தான் பார்ப்பேன். அந்தச் சீட்டுக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். செய்தேன் என்பதுதான் இந்தக் கதை.

முதல் சீட்டு ஒரு தவறால் கிடைத்தது. பட்டினச்சேரிக் கடற்கரையில் ஒரு காலை, சூரியன் எதிரே இருக்கிறது என்பதைக் கவனிக்காமல், வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவரை எடுத்துவிட்டேன். கழுவிப் பார்த்தால் ஆள் முழுக்க அட்டைக்கரி. வலை மட்டும் ஓரத்தில் மின்னியது. நான்காவது படம் வேறு இல்லாததால் அதையும் கட்டோடு சேர்த்து அனுப்பினேன். மூன்று முகங்களும் திரும்பி வந்தன. கரி ஆள் சுவரில் ஏறினார்.

அதன் பிறகு எனக்குப் புத்தி வந்துவிட்டது. அதாவது, போய்விட்டது.

அந்தக் கரி ஆளைத் தேடிப் பிடித்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கட்டுமரக்காரர். அகலமான முதுகு, சுருட்டை முடி, எதற்கும் சிரிக்கிற வாய். படத்தைக் காட்டினேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஓரத்தை மட்டும் பிடித்து, நெடுநேரம் பார்த்தார்.

"இதுல நான் எங்க தம்பி இருக்கேன்?"

"இந்தா, கறுப்பா நிக்கிறது நீங்கதாண்ணே."

"இதுவா?" இன்னும் கிட்டத்தில் பார்த்தார். "வலை நம்ம வலைதான். அது தெரியுது."

அன்றிலிருந்து ஐந்தாறு வருடம், மாதத்துக்கு ஒன்றிரண்டு ஞாயிறாவது அவர் எனக்காக வெயிலுக்கு எதிரே நின்றார். கரைக்கு வந்து மீனை இறக்கிக் கொடுத்த பிறகு, உடம்பு அசந்து போயிருக்கும் நேரத்தில், சொன்ன இடத்தில் சொன்னபடி நிற்பார். வலை தோளில், துடுப்பு கையில், கட்டுமரம் பக்கத்தில். நான் வைத்திருந்தது மேலிருந்து குனிந்து பார்க்கிற பெட்டிக் கேமரா. கண்ணாடியில் கட்டம் சரி பார்க்கக் குனிந்தால் நிமிர ஐந்து நிமிடம் ஆகும். அவருக்கு என் உச்சந்தலை மட்டுமே தெரியும்.

அவருக்கு ஒரே ஒரு பிரச்சினை. மனுஷர் ஒருவர் எதிரே இருக்கும்போது அவரைப் பார்க்காமல் இருக்கத் தெரியாது. கடலைப் பாருங்க என்று நிறுத்தினால் பத்து நிமிடம் கடலைப் பார்ப்பார். பிறகு கழுத்து மெதுவாகத் திரும்பும்.

"தம்பி, இப்பப் பாக்கலாமா?"

"பாக்காதீங்கண்ணே! ஃபிலிம் வீணாப் போவுது!"

"சரி சரி, பாக்கல." சிரித்துக்கொண்டே திரும்பிக்கொள்வார். அதற்குள் என் விரல் அழுத்தியிருக்கும்.

ஒரு சுருளில் பன்னிரண்டு படம்தான். அதில் குறைந்தது இரண்டு அவர் திரும்பிப் பார்த்ததாகப் போய்விடும். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். நான் கோபக்காரன், இப்போதும் அப்படித்தான். ஒரு நாள், "உங்க மூஞ்சிய யாருண்ணே கேட்டா?" என்றே சொல்லிவிட்டேன். அவர் அதற்கும் சிரித்தார். இன்று வரை அந்த வாக்கியம் என் காதில் இருக்கிறது, அவர் காதில் எத்தனை நாள் இருந்ததோ தெரியாது.

வீட்டில் என் இருட்டறை நெல் கொட்டும் அறை. எலி வரக் கூடாதென்று சன்னலே வைக்காமல் கட்டிய அறை, பட்டப்பகலிலும் கை தெரியாது. சிவப்பு பல்பு, பழைய ஸ்டுடியோவில் வாங்கிய பெரிதாக்கும் கருவி, மூன்று தட்டு, அவ்வளவுதான். அறுவடை முடிந்தால் நெல் உள்ளே போகும், நான் வெளியே வருவேன். பங்குனியில் கடைசித் தேதி வைக்கிற சங்கங்கள் எதற்கும் நான் படம் அனுப்பியதில்லை. நெல் தூசி வேறு. எத்தனை துடைத்தாலும் படத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். என் மனைவி காலையிலேயே அறையைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, ஈரம் காயும் முன் என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவாள்.

படத்தை ஓடுகிற தண்ணீரில் ஒரு மணி நேரம் அலச வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. எங்கள் கிணறு உப்பு, குழாய் கிடையாது. ஓடுகிற தண்ணீர் என்றால் வாசலுக்கு எதிரே போன வாய்க்கால்தான். படங்களைக் கிளிப் போட்டு மூங்கில் கூடையில் வைத்து வாய்க்காலில் இறக்கிவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து காவல் இருப்பேன். ஒரு தடவை கிளிப் கழன்று ஒரு படம் போய்விட்டது. கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி அதைத் தூக்கிப் பிடித்து, "சார், ஒங்க மீன்காரரு மெதந்து வர்றாரு!" என்று கத்தினாள். அவளுக்கும் தெரிந்திருந்தது, அந்த முதுகு யாருடையது என்று.

படம் ஏற்கப்பட்ட கார்டு வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே பட்டினச்சேரிக்குத்தான் போவேன். "நம்ம படம் ஜெயிச்சிதா?" என்று தூரத்திலிருந்தே கேட்பார். எப்போதும் நம்ம படம்தான். அந்தப் படத்துக்கு நான் அகராதியைப் புரட்டி ஆங்கிலத்தில் ஏதாவது தலைப்பு வைத்திருப்பேன், உழைப்பு, தனிமை, விடியல் என்கிற தினுசில். அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்வேன்.

"எம் பேரு போடலியா தம்பி?"

"ஆள் பேரெல்லாம் போட மாட்டாங்கண்ணே."

"ஒங்க பேரு?"

"அது பின்னாடி இருக்கும்."

"அப்ப சரி" என்பார். என்ன சரி என்று நான் கேட்டதில்லை.

ஒரு வருடம் புதுச்சேரியில் நடந்த கண்காட்சியில் எங்கள் படத்துக்குத் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. வலையைத் தலைக்கு மேலே விரித்தபடி அவர் கடலைப் பார்த்து நிற்கிற படம். அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து நான்கு மணி நேரமும் யாரையாவது பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

கூடத்துக்குள் போனோம். சுவர் முழுக்கப் படங்கள். நேராகத் தன் படத்தைக் கண்டுபிடித்து அதன் முன்னால் போய் நின்றார். தன் முதுகையே பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் நிற்பதை நான் அன்றுதான் பார்த்தேன். அங்கே மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த சங்கத்துக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்தார். இவர் அவரிடம் மெதுவாக, "இது நாந்தாங்க" என்றார்.

வந்தவர் படத்தைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார், மரியாதையாகத் தலையாட்டினார். நம்பவில்லை என்பது தெரிந்தது. எப்படி நம்புவார்? நான் போய்ச் சொல்வதற்குள் இவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்த மனிதருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, காலை அகட்டி நின்றார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த முதுகும் அந்தக் கைகளும் சுவரில் இருந்தவைதான். சங்கத்துக்காரர் கை தட்டிவிட்டார். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து தட்டினார்கள். இவர் திரும்பி, வெட்கத்தில் முகம் சிவக்க, எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

எனக்கு அன்று பெருமையாக இருந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

சுருள்களை வெட்டிப் பிரித்து உறைகளில் வைப்பது என் வழக்கம். போட்டிக்கு ஆகும் என்று தோன்றியவற்றுக்கு ஒரு உறை. அவர் திரும்பிப் பார்த்துக் கெடுத்தவற்றுக்கு இன்னொரு உறை. அதன் மேல் 'பார்த்தவை' என்று எழுதியிருந்தேன். கிறுக்குத்தனமான கறார்.

எண்பதின் தொடக்கத்தில் சூரிய கிரகணம் வந்தது. கறுப்பு ஃபிலிமை இரண்டாக மடித்து வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அது கண்ணுக்கு ஆகாது என்பதெல்லாம் பிறகுதான் தெரியும். கேமரா வைத்திருக்கிற வீடு என்று எங்கள் வாசலில் கூட்டம் கூடியது. வெளிச்சமான வானம் நெகட்டிவில் அட்டைக்கரியாக விழும். அவர் படங்களில் பாதிக்கு மேல் வானம்தானே. 'பார்த்தவை' உறையைக் கவிழ்த்தேன். ஒவ்வொன்றாகக் கத்தரித்து ஆளுக்கு இரண்டு துண்டு கொடுத்தேன். தெருவுக்கு என் மனைவி கொடுத்தாள், அலுவலகத்துக்கு நான் எடுத்துப் போனேன். கடைசி நான்கு துண்டு மிஞ்சியது. கிரகணத்துக்கு முந்தின நாள் பட்டினச்சேரிக்குப் போனபோது அவரிடம் கொடுத்தேன்.

"இத வெச்சிப் பாத்தா கண்ணு போவாதே?"

"போவாதுண்ணே. ரெண்ட ஒண்ணா வெச்சிப் பாருங்க."

அவர் உடனே ஒன்றை எடுத்து வானத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அலுவலக வேலை ஏதோ நினைவில் இருந்தது, கிளம்பிவிட்டேன். வேண்டாத குப்பை ஒழிந்தது என்று அன்று எனக்கு மனசு லேசாகத்தான் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு தை மாதம் அவர் இறந்துபோனார். கடலில் இல்லை. நெஞ்சில் வலி என்று கரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பது கூட ஆகவில்லை, தலையில் ஒரு நரை கிடையாது. தகவல் எனக்கு மறுநாள்தான் வந்தது. நான் போகும்போது எல்லாம் முடிந்திருந்தது.

நான்காம் நாள் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார், நடந்தே. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். என் மனைவி பாய் போட்டு, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தம்பி, பதினாறாம் நாளு படம் வெச்சி வெளக்கேத்தணும். ஒரு படம் குடுங்க."

"குடுக்கிறேங்க்கா" என்று உள்ளே போய்ப் படக்கட்டை எடுத்து வந்தேன். வண்ணச் சீட்டுகள் ஒட்டிய பதினேழு பெரிய படங்கள். ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினேன். நான் அவற்றை அப்படிச் சேர்த்து வைத்து அதுவரை பார்த்ததில்லை. பதினேழிலும் முதுகு, நிழல், கரி. ஒன்றில் மட்டும் பக்கவாட்டில் மூக்கின் கோடு.

அக்கா எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு படத்தில் முதுகின் மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவினார். "நல்லாத்தான் இருக்கு. மொகம் இருக்கிறது எங்க தம்பி?"

நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார். "ஸ்டுடியோல ஒண்ணு கூட எடுக்கல. ரெண்டு வருசம் முந்தி மாங்கனித் திருவிழாவுக்குப் போனப்ப, ரெண்டு பேரும் சேந்து எடுத்துக்குவம்னேன். 'நம்ம தம்பி மாசா மாசம் எடுக்குறாரு, நமக்கு எதுக்குடி ஸ்டுடியோ'ன்னு இழுத்துக்கிட்டு வந்துட்டாரு."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "இருக்குங்க்கா. தேடி எடுத்துக் கொண்டாந்து குடுக்கிறேன்" என்றேன். அக்கா நம்பிக்கையோடு எழுந்து போனார்.

பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிரகணம் முடிந்து இரண்டு வருடம்தானே, எவராவது ஒருவர் வைத்திருக்க மாட்டாரா? தெருவில் வீடு வீடாகப் போய், கிரகணம் பார்த்த ஃபிலிம் இருக்கிறதா என்று கேட்டேன். அடுத்த கிரகணம் எப்போது சார் என்று திருப்பிக் கேட்டார்கள். அலுவலகத்தில் ஒருவர் மேசை இழுப்பறையைக் கவிழ்த்துத் தேடினார். ஒரு துண்டு கிடைத்தது. ஓடிப்போய் வெளிச்சத்தில் பிடித்தால் முழுக்க வானம். நான் கத்தரித்தபோது வானத்தை மட்டும் வெட்டிக் கொடுத்த துண்டு. இன்னொருவர், திருநள்ளாற்றில் இருக்கும் மாமியாரிடம் கொடுத்ததாகச் சொன்னார். அங்கேயும் போனேன். அந்த அம்மாள் அதைக் கிரகண தோஷம் என்று அன்றே நளதீர்த்தத்துக்குப் போகிற வழியில் எறிந்துவிட்டாராம்.

கிரகணத்துக்குப் பிறகு அவர் திரும்பிப் பார்த்தவற்றை நான் உறையில்கூடச் சேர்க்காமல் அன்றன்றே எறிந்திருந்தேன். 'போட்டிக்கு' உறையைப் பத்துத் தடவை பார்த்தேன். ஒரு முகம்கூட, ஒரு கண்கூடக் கிடையாது. என் கறார் அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தது. ஐந்தாறு வருடம் ஒரு மனிதரைப் படம் எடுத்து, அவரை மட்டும் எடுக்காமல் விட்டிருக்கிறேன்.

பதினோராம் நாள் ஆயிற்று. என் மனைவிதான் சொன்னாள்: "போயி உண்மையச் சொல்லுங்க. அவங்க அங்க வழியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. இல்லேன்னா இல்லேன்னு தெரிஞ்சிக்கட்டும்."

"எப்படிச் சொல்றது?"

"எடுத்தேன், வேண்டாம்னு வெட்டிப் போட்டுட்டேன்னு சொல்லுங்க. அதானே நடந்துது?"

அவளும் கூட வந்தாள். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அது கோபமா துணையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா வீட்டு வாசலில் மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவர்களுக்கு முகம் ஆகாது என்பதை, அவர் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் திட்டியதை, அந்தப் படங்களைத் தனியாக வைத்ததை, கிரகணத்துக்குக் கத்தரித்துக் கொடுத்ததை. அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வேறு எதையோ யோசித்தார்.

"கெரகணத்துக்குக் குடுத்தீங்களே, அந்தக் கறுப்பு பிலிமா?"

"ஆமாங்க்கா."

"அது அவரு பொட்டியில கெடக்கே."

உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கி வந்தார். வேட்டிக்கு அடியில், கோயில் விபூதிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில், ஒரு வெற்றிலைப் பாக்குத் தாளில் மடித்து இருந்தது. நான்கு துண்டு அல்ல, ஒரே ஒரு துண்டு. மற்ற மூன்றையும் யாருக்கோ கொடுத்துவிட்டாராம். இதை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

வெளிச்சத்துக்கு நேரே தூக்கினேன். அவர்தான். முழு முகம். தோளில் வலையோடு திரும்பி, என்னைப் பார்த்து, வாயைத் திறந்து ஏதோ கேட்டுக்கொண்டு. நெகட்டிவில் பல் எல்லாம் கறுப்பு, முடி எல்லாம் வெள்ளை. அன்று சூரியனை ஏதோ மேகம் மறைத்திருக்க வேண்டும், முகத்தில் வெளிச்சம் இருந்தது.

"அன்னிக்கி இத வெச்சிக்கிட்டுத்தான் ஒரே கூத்து" என்றார் அக்கா. "கெரகணத்தக்கூட இவரு பாக்கல. 'இந்தாடி, இதுல நான் இருக்கேன். பாரு, தலையெல்லாம் வெள்ளை. நான் கெழவனானா இப்படித்தான் இருப்பேன்'னு காட்டிக் காட்டிச் சிரிச்சாரு. தம்பிகிட்டக் குடுத்துக் கழுவித் தரச் சொல்லுங்களேன்னேன். 'அவருக்கு இது புடிக்காதுடி, நான் பாத்துட்டேன்ல. கேட்டாச் சங்கடப்படுவாரு'ன்னுட்டாரு."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து கட்டுமரங்கள் கிடந்த பக்கம் போய், முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று தன் முகத்தைப் பெட்டியில் மடித்து வைத்திருந்தாரே என்று அழுதேன்.

தை மாதம் என்று சொன்னேன் அல்லவா. நெல் அறை கூரை வரை நெல். காரைக்காலில் ஸ்டுடியோவில் கொடுத்தால் மறுநாளே பெரிதாக்கித் தந்துவிடுவார்கள், புருவத்தையும் மீசையையும் மையால் திருத்தி ஒரு சினிமா ஆளாகவும் ஆக்கித் தருவார்கள். எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி புடவையை இழுத்துச் செருகினாள்.

"போட்டிக்குன்னா ஒரு மரக்கால் நகத்த மாட்டேன். இதுக்கு நகத்துறேன். மொறத்த எடுங்க."

கூடத்தில் படுதா விரித்து, முறத்திலும் கூடையிலும் அள்ளி அள்ளிக் கொட்டினோம். ஒரு மூலையில் ஒரு ஆள் நிற்கவும் மேசை போடவும் இடம் வர அரை நாள் ஆனது. தொண்டையெல்லாம் தூசி. அவள் தண்ணீர் தெளித்தாள், மீண்டும் தெளித்தாள். அன்று முதல் முறையாக அவளையும் உள்ளே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

சிவப்பு வெளிச்சத்தில், தட்டில் கிடந்த வெள்ளைத் தாளில் முதலில் தலைமுடி வந்தது, கறுப்பாக. பிறகு கண். பிறகு வாய். "வந்துட்டாரு" என்றாள் என் மனைவி, ஆளே உள்ளே வந்துவிட்ட மாதிரி. வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோயிருந்தது. குடிக்க என்று தூரத்திலிருந்து தூக்கி வந்து வைத்திருந்த நல்ல தண்ணீரை, ஒரு குடம் விடாமல் எடுத்து ஊற்றி ஊற்றி அவளே அலசினாள். அன்று மாலை நாங்கள் உப்புத் தண்ணீரில்தான் காபி போட்டுக் குடித்தோம்.

காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையை வைத்துக்கொண்டு வெள்ளைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக மூடினேன். கன்னத்தில் குறுக்கே போன கீறலை மூடினேன். மேலே வலது மூலையில், வானத்தில், ஒரு பெருவிரல் ரேகை முழுசாகப் பதிந்திருந்தது. கடல் உப்பும் மீன் எண்ணெயும் உள்ள விரலால் எத்தனை தடவை அதே இடத்தில் பிடித்துப் பார்த்தாரோ, ரேகை ஃபிலிமையே அரித்து இறங்கியிருந்தது. நடுவர்கள் இதைப் பார்த்தால் மதிப்பெண் போடாமலே ஒதுக்கிவிடுவார்கள். தூரிகையை அங்கே கொண்டு போனேன். பிறகு கழுவி வைத்துவிட்டேன்.

"இத அனுப்புவீங்களா?" என்று கேட்டாள் அவள்.

"இல்ல" என்றேன். அதற்கப்புறமும் நான் போட்டிகளுக்குப் படம் அனுப்பியிருக்கிறேன், முகங்களாகத்தான். பெரும்பாலும் திரும்பி வந்தன. இதை மட்டும் ஒருவரிடமும் மதிப்பெண் கேட்டு அனுப்பியதில்லை.

பதினாறாம் நாள் காலையில் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டு போனோம். அக்கா இரண்டு கையாலும் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டார். பெண்கள் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார்கள், அழுகை ஒரு முறை எழுந்து அடங்கியது. பிறகு நாற்காலியில் துணி விரித்துப் படத்தை வைத்தார்கள். மாலை போட்டார்கள். விளக்கு ஏற்றினார்கள்.

அக்கா என் பக்கம் வந்து நின்றார். "என்னமோ கேக்குற மாதிரி இருக்கு தம்பி. வாயத் தொறந்துக்கிட்டு. என்ன கேக்குறாரு?"

எனக்குத் தெரியும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டது. குனிந்த என் உச்சந்தலையைப் பார்த்துக் கேட்டது. அன்றுதான் நான் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தேன்.

"இப்பப் பாக்கலாமான்னு கேக்குறாருங்க்கா."

சொல்லிவிட்டுப் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். விளக்கு வெளிச்சம் கண்ணாடியில் ஆடியது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், இருக்கட்டும் என்று தோன்றியது.

"பாருங்கண்ணே" என்றேன். "நல்லாப் பாருங்க."